லிட்டருக்கு ஆறு புள்ளி நாலு

பங்க்கில் டீசல் டேங்க்கின் கழுத்து வரைக்கும் வந்த பிறகும் பலராமன் விடமாட்டார். வண்டியின் பக்கப் பலகையில் கை வைத்து நாலு ஆட்டு ஆட்டுவார். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழியாக மேலே வரும். இன்னும் கால் லிட்டர் பிடிக்கும். அதற்கப்புறம்தான் மூடி. பிறகு வலது காலை இழுத்துக்கொண்டு சுற்றி வந்து சீட்டில் ஏறி, கிலோமீட்டரைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து அன்றைய நாள்காட்டித் தாளை எடுத்து அதன் முதுகில் எழுதுவார்.

"இன்னா வருது, போடு."

சிந்துஜா மனசுக்குள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். இருந்தாலும் போனை எடுத்துத் தட்டினாள்.

"ஆறு புள்ளி நாலு."

"ஒழுங்கா போடு."

"ஒழுங்காத்தான்பா போட்டேன். இருநூத்தி ஆறு கிலோமீட்டர். முப்பத்திரண்டு புள்ளி ரெண்டு லிட்டர்."

பலராமன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்த மாதிரி இருந்தது அவர் முகம். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "இருய்யா, சாவு வூட்டுக்கா போறே?" என்றார் பலராமன், திரும்பாமலே.

சிந்துஜா வண்டியை எடுத்தாள். அவளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் இருந்தது. அது பத்து நாள் உழைப்பு.

அவர்களுடையது கான்கிரீட் கலவை மெஷின் வாடகைக்கு விடும் வீடு. அடி அண்ணாமலையிலிருந்து காலை ஆறு மணிக்குப் பிக்கப்பின் பின்னால் மெஷினைக் கொக்கியில் மாட்டி, பிக்கப்பில் பதினாலு ஆட்களை ஏற்றி, எங்கே தளம் போடுகிறார்களோ அங்கே போவார்கள். மெஷின் இரண்டு டன். ஜல்லி ஏற்றும் லிஃப்டோடு சேர்த்து ஒரு யானையைக் கட்டி இழுக்கிற மாதிரி. வெறும் பிக்கப் லிட்டருக்குப் பதினாலு கொடுக்கும். மெஷின் மாட்டினால் அவள் அண்ணன் மாறன் காலத்தில் ஏழு. சிந்துஜா ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒன்பது புள்ளி இரண்டு.

அவள் பி.எஸ்சி. இயற்பியல். அந்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். படித்தது எதற்கு உதவியதோ, இதற்கு உதவியது. வேகத்தடை தெரிந்ததும் முன்கூட்டியே காலை எடுத்துவிடுவாள். இறக்கத்தில் பலராமன் சொல்வதுபோல நியூட்ரலில் விடமாட்டாள். "கியர்லயே கால எடுத்துட்டா இன்ஜினுக்கு டீசலே போவாதுப்பா, வண்டியோட ஓட்டமே அத சுத்த வெக்கும். நியூட்ரல்ல வுட்டாத்தான் குடிக்கும். பின்னாடி ரெண்டு டன் தள்ளும்போது நியூட்ரல் போட்டா நம்ம எல்லாம் அண்ணாமலையார்கிட்டயே போயிடலாம்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். மெஷின் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று தினம் பார்ப்பாள். நாற்பதிலேயே நான்காவது கியரில் நிதானமாகப் போவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்தாள்கள், "தாலாட்டுறியாடி, தூக்கம் வருது" என்பார்கள்.

போன வருஷம் ஆனியில் செண்ட்ரிங் முட்டு சரிந்து பலராமனின் தொடை உடைந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை அழுத்த முடியாது. மாறன் அதற்கு இரண்டு மாதம் முன்பே கல்யாணம் செய்துகொண்டு போளூரில் மாமியார் வீட்டோடு போயிருந்தான். போகாதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சிந்துஜாவிடம், "ரெண்டு மாசம் ஓட்டும்மா" என்றார்கள். பதினைந்து மாதம் ஆகிறது.

தை மாதம் ஒரு வேலை வந்தது. அதை விட்டாள். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை, தங்க ஹாஸ்டல். வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். கடிதத்தைக் காட்டியபோது பலராமன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் பெருமையாகச் சிரித்தார்.

"மெஷின் மாட்டிகினு ஒம்பது குடுக்கற காலு இந்த ஜில்லாவுலயே கிடையாது. உன்ன அனுப்பிட்டு எவன வெச்சி நான் ஓட்டறது? வர்றவன் ஆறு குடுப்பான். இருக்கறது இந்த வண்டி ஒண்ணு."

அப்பா இப்படிப் புகழ்ந்து அவள் கேட்டதே இல்லை. பத்தாவதில் நானூற்றி எழுபது எடுத்தபோதுகூட, "உம்" என்றுதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். ஒன்பதுதானே கட்டிப்போட்டிருக்கிறது. ஒன்பதை ஆறாக்கிவிட்டால் போகிறது. நாற்பதில் மூன்றாவது கியர். வேகத்தடை வரைக்கும் மிதித்துவிட்டு சட்டென்று பிரேக். இறக்கிவிட்ட இடத்தில் அரை மணி நேரம் இன்ஜினை ஓட விடுவது. காலையில் அம்மா சந்திரம்மாள் டீ போடுகிற நேரத்தில், பின்பக்கம் போய் மெஷின் டயரில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைப் பிடுங்குவது. எண் இறங்கினால் அப்பா, 'இந்தப் பொண்ணுக்கு ஓட்ட வரல' என்று டிரைவர் போடுவார். படித்த மூளை போட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் அவள் ஒன்றை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் எண் இறங்கினால் பெற்ற மகளின் காலை யாரும் பார்க்கமாட்டார்கள். பார்க்க வேறு ஆள் இருந்தான்.

வெள்ளிக்கிழமை வேங்கிக்காலில் தளம். கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் இளஞ்செழியன் சாரின் வீட்டு மாடி. மெஷின் வாயில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எல்லாருக்கும் தொன்னையில் கேசரி கொடுத்தார் சார். வல்லரசு மெஷினைக் கிளப்பினான். கரும்புகை ஒன்று கக்கிவிட்டு டிரம் சுற்ற ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மெஷினை ஓட்டுகிறவன் வல்லரசு. ஒரு சட்டி எம்சாண்ட் கூடினாலும் டிரம்மின் சத்தத்தை வைத்தே, "தண்ணி கொஞ்சம் காட்டு" என்பான். மெஷினுக்கான டீசல் தனிக் கேனில் வரும். அதை ஊற்றுவதும் அவன்தான். கனரக லைசென்ஸ் எடுத்து நாலு வருடம் ஆகிறது. பிக்கப் சாவியைப் பலராமன் அவன் கையில் கொடுத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வல்லரசு காலனிக்காரன். கேட்க என்ன இருக்கிறது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜல்லி கொட்டுகிற சத்தம், லிஃப்ட் சங்கிலி, மேலே வைப்ரேட்டரின் உறுமல். சித்தாள்கள் தலையில் துண்டு கட்டி, சட்டி மாற்றிச் சட்டி வாங்கினார்கள். இரண்டு மணிக்கு முக்கால் தளம் முடிந்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். குஸ்காவும் தால்ச்சாவும். வேப்ப மரத்து நிழலில் பதினாலு பேரும் வரிசையாக இருக்க, பலராமன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆரம்பித்தார்.

"வல்லரசு, வூட்டாண்ட ஏதாவது வண்டி கிண்டி வாங்கியிருக்கியாடா?"

"எனக்கேது மேஸ்திரி வண்டி. சைக்கிள் இருக்குது."

"அப்போ டீசல இன்னாடா பண்ற?"

சோற்றைப் பிசைந்த கைகள் நின்றன.

"இன்னா சொல்றீங்க?"

"ஒம்பது குடுத்த வண்டி ஆறு குடுக்குது. இன்ஜின் சத்தம் நல்லாத்தான் கேக்குது. பைப்பு ஒழுகல. ஓட்டறது எம் பொண்ணு. கேனும் டியூபும் கையில வெச்சிகினு பக்கத்துல திரியற ஆளு யாரு? நீயே சொல்லு. எத்தினி லிட்டர் உருவின?"

வல்லரசு சிந்துஜாவைப் பார்க்கவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் திங்கட்கிழமை போய்விடும். மூன்று நாள். மூன்றே நாள். அவள் திறக்கவில்லை.

வல்லரசு எழுந்து கை கழுவினான். தன் துணிப்பையை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தான். ஒரு சட்டை, ஒரு டிபன் பாக்ஸ், பாதி பீடிக்கட்டு.

"பாத்துக்கங்க. பாத்தாச்சா? இப்பவே போயிருப்பேன். தளம் கால்வாசி பாக்கி கிடக்குது. பாதியில நிறுத்தினா ஜாயின்ட் விழும், நாளைக்கு ஒழுவும். வூட்டுக்காரரு இன்னா தப்பு பண்ணாரு? முடிச்சிட்டு போறேன்."

நாலரை வரைக்கும் கலவை போட்டான். கடைசி டிரம்மை ஏற்றிவிட்டு, எப்போதும்போல ஜல்லி போட்டுச் சுற்றி உள்ளே ஒட்டியதைக் கழுவினான். சிந்துஜா குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனாள்.

"வல்லரசு ண்ணா..."

"காத்து புடுங்கினது நீதானே?"

குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

"தெனம் காலையில டயரு தொய்ஞ்சி கிடக்குது. வால்வு மூடி மட்டும் இறுக்கி கிடக்குது. தானா இறங்கற காத்துக்கு மூடி போடத் தெரியுமா? வண்டி மூணுலயே முக்கிகினு போவுது. மெஷின் மேல உக்காந்து வர்றவன் நானு. எனக்குத் தெரியாதா? சரி, பாப்பாவுக்கு ஏதோ கஷ்டம், வேலைக்குப் போவணும்னு பாக்குதுன்னு வுட்டேன்."

"தெரிஞ்சா அப்ப சொல்லியிருக்கலாமே, எல்லாரும் இருக்கும்போது..."

"நான் சொன்னா? திருடினதுமில்லாம எம் பொண்ணு மேல பழி போடறியான்னு கேப்பாரு. நீ காலேஜ் படிச்சவதானே, யோசி." குரல் உயரவேயில்லை. "உனக்குத் தெரியாதா, பழி எங்க வந்து வுழும்னு? நீ பொறந்ததுல இருந்து அந்த வூட்டுலதானே இருக்கிற?"

அவள் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. நினைத்துப் பார்க்காமல் இருக்க முடிந்தது என்பது அதைவிட அசிங்கமான உண்மை.

"தண்ணிய ஊத்து. காயுது" என்றான்.

சனிக்கிழமை வேலை இல்லை. பௌர்ணமிக்கு முந்தைய நாள். வாசலில் சந்திரம்மாள் தண்ணீர் பாட்டில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிரிவலம் வருகிறவர்களுக்கு நீர்மோரும் பாட்டிலும் விற்பது அவளுடைய மாத வரும்படி. பலராமன் கட்டிலில் உட்கார்ந்து தொடைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சிந்துஜா எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது கியர், பிரேக், காற்று, எல்லாம்.

எண்ணெய்க் கை நின்றது. அறை விழும் என்று எதிர்பார்த்தாள்.

"அப்போ இன்ஜினுக்கு ஒண்ணுமில்லயா?"

"இல்ல."

"ஐயோ, அண்ணாமலையாரே!" பலராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய் சந்திரா, கேட்டியா? நான் ரெண்டு நாளா இன்ஜின இறக்கணும்னு தூங்கல. இது வேணும்னே ஆறு குடுத்திருக்குது! நெனச்சா ஒம்பது, நெனச்சா ஆறு. பாத்தியா, அவ்வளவும் அது காலுலதான் இருக்குது."

"அப்பா, நான் இன்னா சொல்றேன், நீ இன்னா..."

"நாளையில இருந்து ஒழுங்கா ஓட்டு. கோவத்துல பண்ணிட்ட, வுடு. யாரு பண்ணல."

"வல்லரசு ண்ணன்?"

பலராமன் முகம் மாறியது. "அவனுக்கு இன்னா?"

"திருடன்னு சொன்னியே. பதினாலு பேரு முன்னாடி. போயி, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு."

"நானு? காலனிக்குப் போயி? எங்க போயிடுவான். ரெண்டு நாள்ல அவனே வருவான், பாரு."

"எம்மா, நீயாவது சொல்லேன்."

சந்திரம்மாள் பாட்டில் கட்டைப் பிரிக்காமலே சொன்னாள்: "வேலை வேலைன்னு நீ ஆரம்பிச்சதுதானே எல்லாம். உன்னாலதான் அந்தப் பையனுக்கு இந்தப் பேரு."

அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் மீதிப் பொய்யையும் அவள் தலையில் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தியந்தலில் ஒரு சின்னத் தளம். பன்னிரண்டுக்குள் முடித்தால், கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்துவதற்குள் வீடு வந்துவிடலாம். சிந்துஜா தன் பையை எடுத்து டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தற்காலிக பஸ் ஸ்டாண்டிலிருந்து காஞ்சிபுரம் பஸ். பலராமன் பையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை ஓட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது என்பதை மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் சிந்துஜா பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. டீசல யாரும் திருடல. நான்தான் வேணும்னு மைலேஜ் இறக்கினேன். வல்லரசு ண்ணன் மேல தப்பே இல்ல."

வயதான சித்தாள் ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அத எங்களாண்ட இன்னாத்துக்கு சொல்ற? நாங்களா அவன திருடன்னு சொன்னோம்?" என்றாள். முன்சீட்டிலிருந்து பலராமன், "நேரமாவுது, எடு" என்றார்.

வல்லரசு வரவில்லை. மெஷினை அன்றைக்குப் பலராமனே ஓட்டினார். நாற்காலி போட்டு உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்தார். முதல் கலவை கஞ்சியாக வந்தது. இரண்டாவது கல்லாக வந்தது. லிஃப்ட் சங்கிலி ஒருமுறை கழன்றது. "வல்லரசு இருந்தா..." என்று யாரோ ஆரம்பித்து நிறுத்தினார்கள். பன்னிரண்டில் முடிய வேண்டியது இரண்டரைக்கு முடிந்தது.

ஆட்கள் நடந்தே கிளம்பிவிட்டார்கள். பிக்கப்பும் மெஷினும் கிரிவலப் பாதைக்கு ஏறிய இடத்தில் முன்னால் தடுப்பு போட்டாகிவிட்டது. பின்னால் திரும்புவதற்குள் பாதை முழுக்க ஜனம். செருப்பில்லாத கால்கள், தோளில் பிள்ளைகள், ஆந்திராவிலிருந்து வந்த கூட்டம், "அரோகரா". மெஷின் மாட்டிய வண்டியைக் கூட்டத்துக்குள் ரிவர்ஸ் எடுக்க முடியாது. கொக்கியில் மெஷின் குறுக்கே மடிந்துகொள்ளும்.

கான்ஸ்டபிள் ஒருவர் ஓடி வந்தார். "யாரும்மா இத உள்ள வுட்டது? ஓரத்துல ஒதுக்கு. ஒதுக்கிட்டியா? அப்டியே நில்லு. இனிமே நாளைக்குக் காலையிலதான்."

"சார், வூடு ஒன்றரை கிலோமீட்டர்தான்..."

"அண்ணாமலையாரே வண்டியில வந்தாலும் இன்னிக்கு நடந்துதான் போவணும்."

அவர் போய்விட்டார். அப்பாவும் மகளும் கேபினுக்குள். இரண்டு பக்கமும் ஜனம் உரசிக்கொண்டு போனது. கண்ணாடிக்கு வெளியே மலை, வெயிலில் வெளுத்துப்போய் நின்றது.

"ஆஃப் பண்ணு" என்றார் பலராமன்.

சிந்துஜா ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தாள்.

"ஐட்லிங்ல ஓடுதும்மா. ஆஃப் பண்ணு."

"வல்லரசு ண்ணன் வூடு இங்கருந்து பத்து நிமிஷம். ஏரிக்கரையாண்ட."

"தெரியும். அதுக்கு?"

"நீ எறங்கிப் போயி, அவர்கிட்ட சொல்லிட்டு, இந்த வண்டிய ஓட்ட வர்றியான்னு கேட்டுட்டு வர்ற வரைக்கும் இன்ஜின் ஓடும்."

பலராமன் அவளைப் பார்த்தார். பிறகு டீசல் அளவு முள்ளைப் பார்த்தார். பிறகு சாவியை நோக்கிக் கை நீட்டினார். அவள் சாவி மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"அறைஞ்சிடுவேன்."

"அறை."

வெளியே ஒரு பெண் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே முறைத்துவிட்டுப் போனாள். பலராமன் கையை எடுத்துக்கொண்டார்.

"கால் வலிக்குதுடி. கூட்டத்த பாரு. இப்பவா?"

"சுத்தி போறவங்கள பாரு. அதுல எத்தினி பேருக்குக் கால் வலிக்குது. நடக்கல?"

"நாளைக்குப் போறேன். சத்தியமா."

"நாளைக்கு நான் இங்க இருந்தா, நீ போவமாட்ட. உனக்கு அவசியமே இருக்காது."

டகடகவென்று சீட்டுக்கடியில் அதிர்ந்துகொண்டிருந்தது இன்ஜின். வெறும் சத்தம் அல்ல அவருக்கு அது. நிற்கிற வண்டி குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் அவர் தாடையில் தெரிந்தது. சிக்னலில் அரை நிமிடம் நின்றாலே அணைக்கச் சொல்கிறவர். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. நெற்றி வேர்த்தது. ஒருமுறை மீட்டரைப் பார்த்தார், ஒருமுறை அவள் காலுக்கடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"அவன் வர்றேன்னு சொன்னா, நீ போயிடுவ."

"ஆமா."

"சாவிய அவன்கிட்ட குடுக்கச் சொல்ற."

"ஆமா."

"எத்தினி குடுப்பான் அவன்? ஏழு குடுப்பானா?"

"எட்டு குடுப்பாரு. பன்னெண்டு வருஷமா அந்த மெஷின் மேல உக்காந்து ரோட்ட படிச்சவரு. நீதான் குடுத்துப் பாக்கல."

பதினேழாவது நிமிடத்தில் பலராமன் கதவைத் திறந்தார். கூட்டம் கதவுக்கு வழிவிட்டு வளைந்தது. முதலில் நல்ல காலை இறக்கினார், பிறகு கம்பி வைத்த காலை. பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, பங்க்கில் டேங்க்கை ஆட்டுகிற அதே இடத்தில், ஒரு தட்டு தட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஏரிக்கரைப் பக்கம் திரும்பி, வலமாகப் போகிற ஜனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, விந்தி விந்திப் போனார். மோர் கொடுக்கிற பந்தல் வரைக்கும் அவர் தலை தெரிந்தது. கேட்கத்தான் போகிறாரா, பந்தலில் உட்கார்ந்துவிடுவாரா, தெரியவில்லை. வல்லரசு வருவானா, அதுவும் தெரியவில்லை. வர வேண்டிய கட்டாயம் அவனுக்கு ஒன்றும் கிடையாது.

சிந்துஜா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பக்கக் கண்ணாடியை ஏரிக்கரைப் பாதை தெரிகிற மாதிரித் திருப்பினாள். ஐட்லிங்கில் மணிக்கு முக்கால் லிட்டர். டேங்க்கில் பதினோரு லிட்டருக்குக் குறையாமல் இருக்கும். நாளைக் காலை வரைக்கும் இன்ஜின் ஓடும்.

ஐந்து மணி பஸ்தான் நிற்காது.